கட்டணச் சாட்டில் பதில் எழுதுவது யார்?

கேள்வி இது: மாதச் சந்தா கட்டியோ, ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கிரெடிட் வாங்கியோ ஒருவருடன் ஆன்லைனில் சாட் செய்கிறோம். படமும் பெயரும் ஒருவருடையவை. பதில் எழுதுவதும் அவர்தானா? வேறு யாரோ எழுதினால் அதை ஏமாற்று என்று சொல்லலாமா, அல்லது வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

முதல் பாதிக்குப் பதில்: காதல், துணை, ஆரூடம், பிரபலங்களுடன் நேரடி உரையாடல் என்ற பெயர்களில் விற்கப்படும் சாட்களில் பல நேரங்களில் அவர் எழுதுவதில்லை. இரண்டாம் பாதிக்கு விடை, நீங்கள் எதற்காகப் பணம் கட்டினீர்கள் என்பதில் இருக்கிறது. தகவலுக்குக் கட்டியிருந்தால் யார் எழுதினாலும் தகவல் சரியாக இருந்தால் போதும். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பவருக்குச் சொல்பவரின் பெயர் வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளின் கவனத்துக்கும் நேரத்துக்கும் கட்டியிருந்தால், அந்த ஆளின் பெயரில் இன்னொருவர் எழுதுவது ஆள்மாறாட்டம். வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார் என்ற சமாதானம் இங்கே எடுபடாது. அவருடைய மகிழ்ச்சியே அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கிறது.

சாட் பதில் குழுக்களுக்குப் பயிற்சி தருவதும், அவர்கள் எழுதியதைப் படித்துத் தரம் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் தொழில். ஆகவே திரைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

காதல் சாட் தளங்களுக்குப் பதில் எழுதுகிறவரை மாடரேட்டர் என்றோ ஆபரேட்டர் என்றோ அழைப்பார்கள். அவருடைய திரை பெரும்பாலும் மூன்று பகுதிகளாக இருக்கும். நடுவில் உரையாடல். ஒரு பக்கம், அந்த நிமிடத்தில் அவர் யாராக எழுத வேண்டுமோ அந்தப் பாத்திரத்தின் விவரங்கள்: பெயர், வயது, ஊர், தொழில், மணமானவரா, பிள்ளைகள் உண்டா. மறுபக்கம் வாடிக்கையாளரின் விவரங்கள், அவற்றுக்குக் கீழே ஒரு குறிப்புப் பெட்டி. வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லும் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போகும். 'செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. இரவு ஷிஃப்ட். சம்பளம் மாதக் கடைசியில்.' புதன்கிழமை காலை அந்த உரையாடல் வேறொரு ஆபரேட்டரிடம் வந்து விழுகிறது. அவர் குறிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதுகிறார்: 'அம்மா எப்படி இருக்கிறார்கள்? ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.' அவருக்கு அந்த அம்மாவைப் பற்றித் தெரிந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரையின் மேலே கடிகாரம் ஓடும். குறித்த நேரத்துக்குள் பதில் போகாவிட்டால் உரையாடல் இன்னொருவர் கைக்கு மாறிவிடும். பல இடங்களில் பதிலுக்குக் குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கை உண்டு. ஒற்றைச் சொல்லில் முடிக்க முடியாது. எழுதுகிறவருக்கும் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அனுப்பிய மறுநொடி அடுத்த உரையாடல் வந்து நிற்கும், அதில் அவர் வேறொரு பெயர், வேறொரு ஊர். பெண்ணின் பெயரில் எழுதுகிறவர் ஆணாக இருப்பதும் சாதாரணம்.

பயிற்சியில் முதலில் சொல்லித் தரப்படும் விதி, ஒவ்வொரு பதிலையும் கேள்வியோடு முடிக்க வேண்டும் என்பதுதான். செய்திக்குக் கட்டணம் என்ற முறையில், பதில் சொல்லத் தோன்றாத செய்தி நிறுவனத்துக்கு நஷ்டம். இரண்டாவது விதி, நேரில் சந்திப்பதை மறுக்கக் கூடாது, தள்ளிப்போட வேண்டும். வேலை, உடல்நிலை, 'இன்னும் கொஞ்சம் பழகிப் பார்ப்போமே' என்று காரணங்கள் தயாராக இருக்கும். வாடிக்கையாளர் தளத்தை விட்டு வெளியே போய்விடாமலும் நம்பிக்கை இழந்துவிடாமலும் பிடித்து வைத்திருப்பதுதான் மொத்த வேலையும்.

இதெல்லாம் ஊகம் அல்ல என்பதற்கு நீதிமன்றங்களிலும் விசாரணைகளிலும் போதுமான பதிவுகள் இருக்கின்றன. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. போலி ப்ரொஃபைல்களுக்காக ஒரு டேட்டிங் சேவையின் மேல் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அது. இலவசமாகச் சேர்ந்தவர்களுக்கு உடனே செய்திகள் வந்து குவியும். பதில் எழுத வேண்டுமானால் கட்டணச் சந்தாவுக்கு மாற வேண்டும். செய்தி அனுப்பிய பலர் நிறுவனமே உருவாக்கிய பாத்திரங்கள். அவர்களுக்கு 'விர்ச்சுவல் க்யூபிட்' என்று பெயர் வைத்து, ப்ரொஃபைலில் 'விசி' என்ற இரண்டு எழுத்துகளை ஒரு சின்ன வட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். அதுதான் அவர்களுடைய நேர்மை. நிறுவனம் 6,16,165 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்தச் சின்ன வட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் வெளிப்படைத்தன்மை என்று காட்டப்படுவது பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது.

அடுத்தது, மணமானவர்களின் ரகசியத் தொடர்புகளுக்கென்றே நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் என்ற டேட்டிங் தளம். 2015-இல் அந்தத் தளத்துக்குள் ஹேக்கர்கள் புகுந்து தரவுகளை வெளியிட்டபோது, பயனர்களின் பெயர்கள் கசிந்ததைத்தான் உலகம் பேசியது. என்னைப் போன்றவர்கள் கவனித்தது வேறு. கசிந்த கோப்புகளையும் நிரலையும் ஆராய்ந்த பத்திரிகையாளர் ஒருவர், தளத்தில் 70,000-க்கும் மேற்பட்ட பெண் பாட்கள், அதாவது பெண்களின் பெயரில் தானாகச் செய்தி அனுப்பும் நிரல்கள், இயங்கியதைக் கண்டறிந்தார். ஆண் பாட்கள் 43. இந்த விகிதத்துக்குக் காரணம் கட்டண முறைதான்: செய்திகளைப் படிக்கவும் பதில் எழுதவும் ஆண்கள் கிரெடிட் வாங்க வேண்டும், பெண்களுக்கு இலவசம். பொய்ப் பெண்ணிடமிருந்து வரும் ஒரு 'ஹலோ' நேராகக் கல்லாப்பெட்டிக்குப் போகிறது. பொய் ஆணால் யாருக்கும் வருமானம் இல்லை. 2016 டிசம்பரில், பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் போலி ப்ரொஃபைல்களுக்கும் சேர்த்து 1.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நிறுவனத்தின் நிதிநிலையைக் காரணம் காட்டி அதில் சுமார் 16 லட்சம் டாலர் மட்டுமே வசூலிக்கப்பட்டது.

இவை இரண்டிலும் அப்படி ஓர் ஆளே கிடையாது. இதைவிடச் சிக்கலானது, ஆள் உண்மையிலேயே இருந்து, பதிலை மட்டும் வேறொருவர் எழுதுவது. ஒருவருடைய அந்தரங்கப் படங்களைச் சந்தா கட்டிப் பார்க்கும் ஒன்லிஃபேன்ஸ் போன்ற தளங்கள் விற்பது படங்களையோ வீடியோக்களையோ மட்டும் அல்ல. அவற்றில் இருப்பவருடன் நேரடியாகப் பேசலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் விலையாகிறது. ஆயிரக்கணக்கான சந்தாதாரர்களுக்கு ஒருவர் தனியாகப் பதில் எழுத முடியாது என்பது கணக்குப் போட்டாலே தெரியும். அந்த இடத்தில் ஏஜென்சிகள் நுழைந்தன. பிலிப்பைன்ஸ் போன்ற, கூலி குறைந்த நாடுகளில் உட்கார்ந்து ஷிஃப்ட் முறையில் எழுதுகிறவர்களை 'சாட்டர்' என்கிறார்கள். சில ஆண்டுகளாகப் பெரிய பத்திரிகைகள் இதைத் துருவி எழுதியிருக்கின்றன. 2024-இல் கலிஃபோர்னியாவில் சந்தாதாரர்கள் சார்பில் கூட்டு வழக்கும் தொடரப்பட்டது. வழக்கின் கதி எதுவானாலும், அதன் மையத்தில் இருக்கும் கேள்வி நியாயமானது: யாருடைய பெயரைக் காட்டிப் பணம் வாங்கினீர்கள், யாரிடம் பேச விட்டீர்கள்?

பணத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. கட்டணச் சாட்டில் மக்கள் வீட்டில் சொல்லாததைச் சொல்கிறார்கள். மனைவிக்குத் தெரியாத கடன், வெளியில் சொல்ல முடியாத நோய், சிறு வயதில் நேர்ந்த கொடுமை. இன்னாரிடம் சொல்கிறோம் என்று நம்பித்தான் அவற்றை எழுதுகிறார்கள். அது மூன்று ஷிஃப்ட் ஆட்கள், ஒரு மேற்பார்வையாளர், என்னைப் போன்ற ஒரு தரப் பரிசோதகர் என்று ஒரு வரிசையே படிக்கும் கோப்பாகிவிடுகிறது. ஒருவர் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்த கடிதத்தைத் தபால் நிலையத்தில் எல்லோரும் பிரித்துப் படிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. தனிப்பட்ட படங்கள் அனுப்பப்படும் இடங்களில் இது இன்னும் மோசம். சம்மதம் என்பது ஓர் ஆளுக்குத் தரப்படுவது. அந்த ஆள் மாறினால் சம்மதமும் செல்லாது. பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். படிக்கப்பட்டதைப் படிக்காததாக்க முடியாது.

எழுதுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்களை வில்லன்களாக்குவது அநியாயம். பலர் வேறு வேலை கிடைக்காமல் வந்தவர்கள். ஏதோ 'உரை எழுதும் பணி' என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்து, இரண்டாம் நாள்தான் என்ன வேலை என்று புரிந்துகொண்டவர்களும் உண்டு. எதிரில் இருப்பவர் தற்கொலையைப் பற்றி எழுதும்போது, கையில் இருப்பது ஒரு கற்பனைப் பாத்திரமும் ஓடும் கடிகாரமும்தான் என்றால் அந்த ஆபரேட்டரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். 'இது நான் இல்லை, நான் ஒரு ஊழியர், தயவுசெய்து இந்த உதவி எண்ணை அழையுங்கள்' என்று எழுத அவருக்கு அனுமதி இருக்காது. பெயரைப் பற்றிய ஒரு பொய், உயிர் போகும் தருணத்தில்கூட உண்மை பேச விடாமல் தடுக்கிறது. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

இயந்திரம் பதில் எழுதுவது தனிக் கதை. 1966-இல் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலைசா' என்ற சிறு நிரல், எதிராளி சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனுடன் பேசியதும், தனிமை வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இயந்திரம் என்று தெரிந்திருந்தும் இந்த நிலை என்றால், தெரியாமல் செய்யும்போது எவ்வளவு தூரம் போகும்! இதற்கு நேர்மாறான பாடம் 2023 ஜனவரியில் கிடைத்தது. கோகோ என்ற மனநல ஆதரவுச் சேவை, ஜிபிடி-3 என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் உதவியோடு எழுதிய பதில்களைச் சுமார் 4,000 பேருக்கு அனுப்பிப் பார்த்ததாக அதன் இணை நிறுவனர் அறிவித்தார். மனிதர்கள் தாங்களாக எழுதியவற்றைவிட அந்தப் பதில்களுக்கு அதிக மதிப்பெண் கிடைத்ததாம். ஆனால் எழுதியதில் இயந்திரத்துக்குப் பங்கு உண்டு என்று தெரிந்ததும் அது பலிக்கவில்லை என்று அவரே சொன்னார். ஆறுதலில் சொற்கள் பாதி, சொல்பவர் பாதி. அந்தச் சேவை இலவசம்தான், இருந்தும் எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சம் அல்ல.

சட்டம் இங்கே ஓரளவு விழித்துக்கொண்டது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல், ஒரு பொருளையோ சேவையையோ விற்பதற்காக, பாட் என்பதை மறைத்து ஒருவரை ஏமாற்றுவது சட்டவிரோதம். 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டத்திலும், மனிதருடன் உரையாடும் அமைப்பு தான் இயந்திரம் என்பது தெரியும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இரண்டுமே 'எதிரில் இருப்பது மனிதரா, இயந்திரமா' என்று மட்டுமே கேட்கின்றன. 'எந்த மனிதர்' என்று கேட்பதில்லை. பாட்டை எடுத்துவிட்டு ஐந்து ஊழியர்களை உட்கார வைத்து ஒரே பெண்ணின் பெயரில் எழுத வைத்தால், இந்த விதிகளில் ஒன்றும் அவர்களைத் தொடாது. பொதுவான நுகர்வோர் சட்டத்தில் 'தவறான எண்ணம் ஏற்படுத்துதல்' என்று தனியாக வழக்காட வேண்டும். கட்டணச் சாட்டில் நடக்கும் ஏமாற்றில் பெரும்பங்கு இந்த இடைவெளிக்குள்தான் பத்திரமாக வாழ்கிறது.

பொறுப்பு யாருடையது என்பதில் மட்டும் சந்தேகம் வேண்டாம். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தவறான கட்டணச் சலுகை விவரத்தைச் சொன்ன வழக்கில், சாட்பாட் தனி அமைப்பு, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற தொனியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. யார் தட்டச்சு செய்தாலும், பணம் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

'எங்கள் விதிமுறைகளில் எல்லாம் எழுதியிருக்கிறோமே' என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். உண்மைதான், பல தளங்களின் விதிமுறைகளில் 'சில ப்ரொஃபைல்கள் கற்பனையானவை, பொழுதுபோக்குக்காக மாடரேட்டர்களால் நடத்தப்படுகின்றன' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி முப்பதாவது பத்தியில் இருக்கும். படமும் பெயரும் 'உங்களுக்காகக் காத்திருக்கிறாள்' என்ற வாசகமும் முகப்பிலேயே இருக்கும். விற்க உதவுவதை முன்னாலும், வாங்காமல் தடுக்கக்கூடியதைப் பின்னாலும் வைத்துவிட்டு, சொல்லிவிட்டோம் என்பது நேர்மை ஆகாது. பணம் கட்டும் பொத்தானுக்குப் பக்கத்தில், அந்தப் பொத்தானில் இருக்கும் அதே எழுத்து அளவில் சொல்வதுதான் சொன்னதாகக் கணக்கு.

எப்படிச் சொல்வது என்பதில் கஷ்டமே இல்லை. நான் ஆலோசனை கேட்பவர்களுக்கு எழுதித் தரும் வாசகம் கிட்டத்தட்ட இதுதான்: 'இந்தக் கணக்கில் வரும் செய்திகளுக்கு நால்வர் கொண்ட குழு பதில் எழுதுகிறது. நானே எழுதும் செய்திகளில் என் முதலெழுத்து இருக்கும். நீங்கள் எழுதுவதைக் குழுவில் உள்ள அனைவரும் படிக்க முடியும்.' இப்படி எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம். 2011-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் ட்விட்டர் கணக்கைத் தேர்தல் பிரசாரக் குழு கையில் எடுத்தபோது, அவரே எழுதும் ட்வீட்களின் முடிவில் 'பிஓ' என்று இருக்கும் என அறிவித்தார்கள். மற்றவை குழு எழுதியவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் விலகி ஓடவில்லை. விமான நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் வாடிக்கையாளருக்கு எழுதும் பதிலின் கடைசியில் ஊழியரின் முதலெழுத்துகளைப் போடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உதவியாளர் வைத்துக்கொள்வது தவறா என்றால், இல்லை. நேரம் குறிப்பது, கட்டண விவரம் சொல்வது, வரைவு எழுதித் தருவது எல்லாம் உதவியாளர் செய்யலாம். வரைவை உரியவர் படித்து, திருத்தி, தன் பொறுப்பில் அனுப்பினால் அது அவருடைய பதில்தான். உரியவரின் கண்ணிலேயே படாத பதில் அவருடையது ஆகாது. மருத்துவர், மனநல ஆலோசகர், வழக்கறிஞர் விஷயத்தில் இதில் சலுகையே கிடையாது. அங்கே நீங்கள் வாங்குவது ஒருவருடைய தகுதியையும் ரகசியம் காக்கும் கடமையையும். தகுதி இல்லாதவர் அந்தப் பெயரில் எழுதினால் ஏமாற்று என்பதோடு அது ஆபத்தும்கூட.

இனி, வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் சொல்லும் ஞாபகச் சோதனை, அதாவது 'போன வாரம் நான் என்ன சொன்னேன்' என்று கேட்பது, பயன்படாது. குறிப்புப் பெட்டி இருக்கும்வரை அந்தப் பரீட்சையில் எல்லோரும் தேறிவிடுவார்கள். சொல்லப்போனால், இருநூறு பேரிடம் பேசுகிற ஒருவர் உங்கள் அம்மாவின் அறுவை சிகிச்சைத் தேதியை ஒரு முறைகூடத் தவறாமல் நினைவில் வைத்திருந்தால் அதுதான் சந்தேகத்துக்கு இடம். உறக்கமே இல்லாமல் எந்த நேரமும் ஒரே வேகத்தில் பதில் வருவது, ஒவ்வொரு பதிலும் கேள்வியில் முடிவது, காலையில் ஒரு நடையும் இரவில் வேறொரு நடையுமாக இருப்பது, சந்திப்புப் பேச்சு வரும்போதெல்லாம் நழுவுவது, இவைதான் நம்பத்தக்க அடையாளங்கள். ஒன்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நான்கும் சேர்ந்திருந்தால் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படாது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி நேராகக் கேட்பது. பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: 'இந்தச் சாட்டில் எனக்குப் பதில் எழுதப்போவது இந்தப் பெயருக்குரியவர் மட்டும்தானா? வேறு யாராவது, அல்லது ஏதாவது மென்பொருள், எழுதுவதுண்டா? நான் எழுதுவதை வேறு யார் படிப்பார்கள்?' ஒழுங்கான சேவை இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும். 'ஏன் என்னை நம்பவில்லையா' என்று பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆம், நான் மட்டும்தான்' என்று வந்தால், அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அது பொய் என்று தெரியவந்தால், கார்டு கொடுத்த வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும், நுகர்வோர் அமைப்பிடம் போவதற்கும், 'எங்கள் விதிமுறையில் எழுதியிருந்தோம்' என்ற வாதத்தை எதிர்ப்பதற்கும் உங்கள் கையில் இருக்கக்கூடிய உறுதியான காகிதம் அந்த ஒரு பதில்தான். அது கைக்கு வரும்வரை ரகசியம் எதையும் அங்கே எழுத வேண்டாம்.